கண்ணை மூடச் சொல்ல ஆளில்லாத போர்ப்படம்

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில், கிள்ளான் திரையரங்கில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் நான் போர்ப்படங்களைப் பார்த்து வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் "ஒளிப்பதிவு பிரமாதம்" என்று விமர்சனம் எழுதுவேன். இது தெரிந்த ஒரே ஆள் நீதான், நண்பா. நீ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இனி என்னைக் காட்டிக்கொடுக்க நான்தான் பாக்கி.

அந்தத் துண்டு உன்னுடையது. போன வாரம் காரின் பின்னிருக்கையைத் துடைத்தபோது கையில் அகப்பட்டது. முகர்ந்தேன். தைல வாசனையும் பாசிர் பெனம்பாங் படகுத்துறை மீன் வாசனையும் இன்னும் அதற்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "தூக்கி வீசுங்க, கார் முழுக்க நாறுது" என்றாள் என் மனைவி. நான் அதை மடித்து, சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைத்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

நீ மீன் லோரி ஓட்டினாய். நான் கோலா சிலாங்கூரில் ஓர் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிதான் நம் இருவருக்கும் பொதுவானது. எனக்கோ போர்ப்படமும் உலகம் அழியும் படமும் என்றால் உயிர், பார்க்கத்தான் பயம். குண்டு விழும்போது இருக்கை அதிரும், விலா எலும்பு அதிரும்; எனக்கு வேறு ஏதேதோ அதிரும். நீ கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாய். பிறகு என் காதருகே, "மூடு" என்பாய். மூடுவேன். மறு நொடி வெடிக்கும். ஒரு தடவைகூட நீ தவறியதில்லை.

"எப்படிடா தெரியுது ஒனக்கு?"

"சத்தம் அடங்குதா, அடுத்து குண்டுதான். அவ்வளவுதான் லா."

எவ்வளவு பெரிய ரசிகன் என்று வாயைப் பிளந்தேன். படம் இழுக்கும் இடத்தில் மிகச் சரியாக எழுந்து கழிப்பறைக்குப் போவாய். திரும்பி வந்து, என்ன நடந்தது என்று கேட்கவே மாட்டாய். அதற்கும் வாயைப் பிளந்தேன்.

அந்த எதிர்கால நகரப் படம் நினைவிருக்கிறதா? சாம்பல் நிற வானம், ஒரே மாதிரி கதவுகள், கதவுக்கு ஒரு எண். விடியுமுன் சங்கு ஊத, மனிதர்கள் வரிசையில் நிற்க, ஓர் இயந்திரம் தலை எண்ணியது. அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது. நீ மட்டும் வாய்விட்டுச் சிரித்தாய்.

"இதுல என்னாடா எதிர்காலம்? எங்கப்பா ரப்பர் தோட்டத்துல காலையில பெரட்டுக்கு வரிசையில நின்னது இதான். அங்க கங்காணி மண்டோர் தலையெண்ணுனாரு, இங்க மிசினு எண்ணுது. லயத்து வீட்டுக்கும் நம்பருதான்."

அதை அப்படியே என் கருத்தாகக் குழுவில் போட்டேன். கோயில் தலைவர் கும்பிடு அனுப்பினார். நீ கட்டைவிரல் அனுப்பினாய். திருடனுக்குப் பொருளைப் பறிகொடுத்தவனே பரிசு கொடுத்தது அன்றுதான்.

போர்ப்படங்களில் நீ வீரனைப் பார்த்ததே இல்லை. "சாப்பாட்டு லோரி ஓட்டறவன் பேரு எவனுக்காச்சும் தெரியுதா பாரு. அவன் வரலன்னா இவனுங்க எதை வச்சுச் சுடுவானுங்க?" என்று காப்பார் டீக்கடையில் தே தாரிக்கை ஆற்றியபடி கேட்டாய். அன்றிலிருந்து துண்டின் ஓரம் வழியாக லோரிகளை மட்டும் தேடுகிறேன். எல்லாப் படத்திலும் இருக்கின்றன, பெயரில்லாமல்.

இப்போது புதிதாக ஒரு போர்ப்படம் வந்திருக்கிறது. "சார், விமர்சனம் எங்கே? நாலு மாசமா ஒங்க கைக்கு லீவா?" என்று குழுவில் நச்சரிப்பு. நீ இல்லாமல் எனக்குக் கருத்தே கிடையாது என்று யாரிடம் சொல்வது? துண்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினேன். சிரிக்காதே.

படத்தின் நடுவில் சத்தம் அடங்கியது. உன் பாடப்படி முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தேன். குண்டு வரவில்லை. துண்டை மெதுவாகத் தூக்கினேன். கூரை பறந்துபோன யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. ஒரு சிப்பாய் அங்கிருந்த கோப்பையில் தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டு அதைக் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தான். வீட்டுக்காரர்கள் வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். இத்தனை வருடம் துண்டுக்குள் இதைப்போல எத்தனை கோப்பைகளைத் தவறவிட்டேனோ என்று திகைத்துக்கொண்டிருக்கும்போதே, எந்த அறிவிப்பும் இல்லாமல் வெடித்தது. "ஐயோ அம்மா!" என்று நான் அலறியது கதாநாயகனுக்கே கேட்டிருக்கும். முன்வரிசைச் சீனப் பெண்மணி திரும்பி, "அங்கிள், ஓகே லா?" என்று ஒரு மிட்டாய் நீட்டினார்.

அன்று குழுவில் அந்தக் கோப்பையைப் பற்றி எழுதினேன். நாலே வரி. என் வாழ்க்கையில் முதன்முதலாக என் கண்ணால் பார்த்து நானே எழுதியது. துண்டு இப்போது மறுபடி காரில்தான் இருக்கிறது. அடுத்த படத்துக்கும் அது வரும், மடியில் கிடக்க.

ஆனால் உன் பாடம் எப்படிப் பொய்த்தது என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நேராக உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன். "தங்கச்சி, அவன் இருந்திருந்தா கரெக்டா சொல்லியிருப்பான். அப்படி ஒரு சினிமா மூளை!"

அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூளையாவது ஒண்ணாவது. வெள்ளிக்கிழமை கிள்ளான்ல மீன எறக்கிட்டு, தனியா போயி அதே படத்தப் பாத்துட்டு வந்துருவாருண்ணே. எந்த நேரத்துல குண்டு வெடிக்குதுன்னு குறிச்சு வச்சுக்குவாரு. 'அவன் பயந்து செத்துருவான்'ம்பாரு."

அவள் தேநீரை என் முன்னால் வைத்தாள்.

"இத்தனைக்கும் அவருக்குச் சண்டப் படமே புடிக்காதுண்ணே."