டாக்டர் பெயருக்குப் பக்கத்தில்

"என் நாவல்ல கிறுக்காதீங்கன்னு எத்தனை தடவை மாமா..."

"நான் எங்கேம்மா கிறுக்கினேன்..."

"அப்ப பென்சில் தானா நடந்து வந்துச்சா?"

கண்ணு, காலையில் உன் மாமனாரை நீ பிடித்த பிடியில் நான் அடுப்படியிலேயே ஒளிந்துகொண்டேன். கிறுக்கியது நான்தான். உன் துப்பறியும் கதையை வைத்துத்தான் இங்கிலீஷ் படிக்கிறேன். புது வார்த்தை எந்த ஆளுக்குப் பொருந்துமோ, அந்த ஆளின் பெயர் முதலில் வரும் இடத்துக்குத் திரும்பிப் போய், பக்கத்தில் அர்த்தத்தை எழுதிவைத்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். மூன்றாம் பக்கத்திலேயே டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் 'கொலைகாரன்' வந்தது அப்படித்தான். உன் கதையைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு. நூலகத்தில் உனக்கு வேறொன்று எடுத்து வருகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

அத்தை

இதையும் சொல்லிவிடுகிறேன். நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனதும் மாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"பென்சில் மழுங்கியிருக்குமே, சீவித் தரட்டுமா?"