சவரி எடுத்துப்போன இரும்புச் சட்டம்

1951, மாசி, செவ்வாய்க்கிழமை

நானும் சவரியும் ராயபுரத்தில் சேர்ந்து நடத்திய மைக் செட் கடையை நேற்றுப் பிரித்துக்கொண்டோம். பலகையில் யார் பேர் முதலில் என்பதில் வந்த சண்டை.

"ஆம்ப்ளிஃபயர் பொட்டி மூணும் நீயே வச்சிக்கோ மாமு. எனுக்கு இந்த இரும்புச் சட்டம் போதும்" என்றான். பட்டாளத்துப் பழைய சாமானில் வாங்கிய சட்டம் அது. பெட்டிகளை அதில் செருகித் திருகினால் கரண்டும் ஸ்பீக்கர் லைனும் தானே சேரும். வெறும் இரும்பைக் கேட்கிறானே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

இன்று மாலை டோல்கேட்டில் தொழிலாளர் கூட்டம். பெட்டிகளை இறக்கி, பின்னால் இருந்த பித்தளை முனைகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சட்டத்தைத் தவிர வேறெதிலும் அவை பொருந்தாது. சங்கத் தலைவர் மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்தினார். நடுநடுவே என்னை முறைத்தார்.

அங்கிருந்து நேராகச் சவரி வீட்டுக்குப் போனேன். சட்டத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான், அயோக்கியன்.

"இன்னா மாமு, பொட்டி பேசலியா? பலகைல என் பேர மொதல்ல போடு, தரேன்."

"அதுல கோழி வளத்துக்கோ, போடா!"

வீட்டுக்கு வந்து முனைகளை எல்லாம் ரம்பத்தால் அறுத்தேன். வயர்களை நேராகவே பற்றவைத்தேன். இனி அவனே வந்து காலில் விழுந்தாலும் என் பெட்டி எதுவும் அந்தச் சட்டத்தில் ஏறாது.

ஆத்திரத்தில் அறுத்ததில் இரண்டு பெட்டிகள் செத்துவிட்டன. ஒன்றுதான் பேசுகிறது.

அவனைத் திட்ட ஒன்று போதும்.