இரண்டும் வலது இறக்கை

செப். 12, சனி

காலையில் தூறல். ஒன்பது மணிக்கு வெயில். புழுக்கம். பம்பாய் பார்சல் வந்தது. பால்சா மரத் தகடுகள், பென்சில் கனத்தில் சட்டங்கள். ஒரு தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கனமே இல்லை. மூச்சு விட்டால் நகர்கிறது.

பழைய காலத்து மாதிரி விமான டிசைன். அகலமான இறக்கை, பருத்த வயிறு. மெதுவாகப் பறக்குமாம். மரமும் பிளானும் கீழே என்னிடம். அதை ஓட்டுகிற ரேடியோவும் எஞ்சினும் மாடியில் பா.விடம்.

பா. என்றால் அண்ணன். ஏப்ரலிலிருந்து பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் எழுதுகிறேன். முதல் விமானம் பீர்க்கன்கரணை ஏரியில் மூக்கு குத்தி விழுந்த அன்று, வேடிக்கை பார்த்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "எம்.ஏ. ஒட்டின வாலு. கோணலாத்தான் இருக்கும்." நான்: "நீ ஸ்டிக்க அவசரப்பட்டு இழுத்த. இரும்பு அறுக்கற கைக்கு இதெல்லாம் எங்க புரியும்?"

அவன் கிண்டி கம்பெனியில் ஃபிட்டர். நான் எம்.ஏ. என் பேச்சில் முதல் பாதி மட்டும் சொல்லியிருந்தால் சாயங்காலமே மறந்திருப்பான்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஒரே வீடு, ஒரே படிக்கட்டு.

அக். 6 மஸ்கட் போகிறான். இரண்டு வருஷம். அதற்குள் பறக்கவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஏரியில் தண்ணீர் ஏறிவிடும், இடம் கிடையாது. அவன் போவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எழுதவில்லை. பறக்கவிட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

செப். 13, ஞாயிறு

அண்ணி இறங்கி வந்தார். "ஒரு றெக்கை அவர் பண்றாராம். ஒண்ணு நீங்களாம். உடம்பு, வாலு எல்லாம் நீங்களே முடிச்சு மேல அனுப்பணுமாம்."

"சரின்னு சொல்லுங்க."

"சரியாம்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம்: "ஆபீஸ்ல எட்டு மணி நேரம் கனெக்‌ஷன் குடுக்கறேன். வீட்டுக்கு வந்தாலும் அதேதான். எனக்கு ஓவர்டைம் யார் தர்றது தம்பி?"

அண்ணி தாம்பரம் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டர்.

பிளானை இரண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றும் பாதி மரமும் மேலே அனுப்பினேன்.

செப். 16, புதன்

டுட்டோரியலில் நாற்பது கட்டுரைகள். எல்லாம் ஒரே கட்டுரை.

பிளான் மேல் மெழுகுத் தாள், அதன் மேல் சட்டம், குண்டூசி. குறுக்கே ரிப்புகள், மீன் முள் மாதிரி. அரை பிளேடால் வெட்டுகிறேன். கட்டை விரலில் கீறல். ஒரு ரிப்பில் ரத்தம். துடைத்தாலும் போகவில்லை, மரம் குடித்துவிட்டது.

என்னிடம் வெள்ளைப் பசைதான். காய ஒரு ராத்திரி ஆகும். அவனிடம் ரேடியோவோடு சிங்கப்பூரிலிருந்து வந்த பசை. ஒரு சொட்டு, பத்து எண்ணுவதற்குள் பிடித்துவிடும்.

சாயங்காலம் உப்புத்தாள் போட்டேன். மேலேயும் அதே சத்தம். நான் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவனும். திரும்ப ஆரம்பித்தேன். அவனும்.

அம்மா: "எலியா பாரு, மாடில."

செப். 20, ஞாயிறு

கூடத்தில் பாய் விரித்தோம். அண்ணி அவன் இறக்கையைப் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். அவன் இறங்கி வரவில்லை. படிக்கட்டில் பாதியில் நின்றான். முழங்கால் வரைக்கும்தான் தெரிந்தது.

நல்ல வேலை. என்னுடையதைவிடச் சுத்தம். பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.

இரண்டும் வலது இறக்கை.

பிளானில் ஒரு பாதிதான் வரைந்திருக்கும். மறு பாதிக்குத் தாளில் எண்ணெய் தடவி, பின்பக்கம் தெரியவைத்து, அதன் மேல் கட்ட வேண்டும். வரைந்ததை நான், திருப்பியதை அவன் என்று நான் நினைத்தேன். வரைந்ததை அவன், திருப்பியதை நான் என்று அவன். ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், முன்பக்கம் பின்னால் போகிறது. கவிழ்த்தால் முதுகு கீழே.

அம்மா: "ரெண்டும் ஒரே மாதிரி அழகா வந்திருக்கே."

முழங்கால்கள் பேசின, அண்ணியிடம்: "எந்தப் பக்கம்னு எழுதி அனுப்பக்கூடத் தெரியலயா படிச்சவங்களுக்குன்னு கேளு."

நானும் அண்ணியிடம்: "தினம் டிராயிங் பாக்கறவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு சொல்லுங்க."

"ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் ஒரே கைக்குத் தச்சுட்டு டெய்லரக் குத்தம் சொல்றீங்களா ரெண்டு பேரும்?" என்றார் அண்ணி. "நான் யாருக்கும் எதுவும் சொல்லப் போறதில்ல. பசிக்குது."

முழங்கால்கள் மேலே போயின.

செப். 21, திங்கள்

மரம் தீர்ந்தது. இன்னொரு பார்சலுக்கு நாள் இல்லை. ஒன்றைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். வெள்ளைப் பசை வெந்நீர்த் துணி போட்டால் இளகும். அவன் பசையை அறுத்தால்தான் உண்டு. ஆகவே என்னுடையதுதான். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மத்தியானம் வரை யோசித்தேன்.

மூன்று மணிக்குத் துணியை நனைத்து நுனியில் சுற்றினேன். இரண்டு ரிப்புகள் கழன்று வந்தன. ரத்தக் கறை ரிப்பு அதில் ஒன்று.

அண்ணி டபரா கேட்டு வந்தவர் பார்த்தார். சிரிப்பு. சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணி?"

"மேல போய்ப் பாருங்க. ஐயோ, நீங்கதான் போக மாட்டீங்களே. லீவு போட்டுட்டு காலைலேர்ந்து பிளேடு வச்சு அறுத்துகிட்டு இருக்கார். நீங்களும் பிரிச்சா ரெண்டும் இடது ஆயிடும். அப்புறம் மறுபடி பிரிப்பீங்களா? மஸ்கட்லேர்ந்து தபால்ல அனுப்புவாரா?"

துணியை எடுத்தேன். கழன்ற இரண்டையும் திரும்ப ஒட்ட வேண்டும்.

"மூணு ரிப்பு ஒடஞ்சு போச்சு. பரவால்லையாம், மரம் இருக்காம்."

"எங்க இருக்கு?"

"பழசு. ஏப்ரல்ல விழுந்ததுதான். சாக்குல கட்டி பரண்ல வச்சிருக்காரே, தெரியாதா?"

தெரியாது. அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பான் என்று நினைத்தேன். அந்த வாலும் இருக்குமா சாக்கில்?

அறுக்க வேண்டியது அவனுடையதில்லை. அவனுக்கும் தெரியும்.

செப். 26, சனி

இறக்கையில் மஞ்சள் டிஷ்யூ காகிதம் ஒட்டி, மேலே டோப் வார்னிஷ் இரண்டு கோட். பழுத்த வாழைப்பழ நெடி. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். காயக் காயக் காகிதம் இழுத்துக்கொண்டு விறைக்கிறது. சுண்டினால் மேளச் சத்தம்.

மாலையில் மழை. ஏரித் தென்மூலையில் தண்ணீர் நிற்கிறதாம்.

அவன் இடது இறக்கை முடிந்துவிட்டதாம். "நேர்த்தியா இருக்கு" என்று அண்ணி தகவல். கேட்காமலே கொடுத்த தகவல்.

அக். 1, வியாழன்

ஆயுத பூஜை. அப்பா சைக்கிளுக்கு மாலை. மாடியிலிருந்து அண்ணி கொண்டுவந்தவை: ஸ்பானர், வெர்னியர், பிளேடு, ரேடியோ பெட்டி. என் பங்கு புத்தகங்கள். அம்மா இரண்டு இறக்கைகளையும் சுவரில் சாய்த்து ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

அவன் வந்து விழுந்து கும்பிட்டான். நானும். எங்களுக்கு நடுவே சுண்டல்.

எழுந்திருக்கும்போது கண் தரையோடு இருந்தது. அங்கிருந்து பார்த்ததில் என் இறக்கையின் பின்விளிம்பு நுனியில் கீழே தொங்குகிறது. ஈரத் துணி சுற்றிய இடம். டோப் இழுத்து அப்படியே இறுக்கிவிட்டது. பறக்கும்போது அந்தப் பக்கம் தூக்கும். இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து கடைசியில் சுழலும்.

எடுக்கப் போனேன். அம்மா: "இன்னிக்கு எதையும் தொடக் கூடாது. ஒரு நாள் சும்மா இரேன்."

நாள் முழுக்க அதன் எதிரே சும்மா இருந்தேன். அவன் பார்த்தானா?

அக். 2, வெள்ளி

இட்லிப் பானை ஆவியில் காட்டி எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்தால் நிமிரும். பிடித்தேன். விரல் வெந்தது.

"இட்லி வேகட்டுமா, ஒன் றெக்கை வேகட்டுமா?"

"ரெண்டு நிமிஷம்மா."

நிமிர்ந்தது. மேஜையில் ஊசி குத்தி, மேலே அகராதி இரண்டு. சாயங்காலம் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். நேர். அண்ணி மேலே கொண்டுபோனார்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அக். 3, சனி

ராத்திரி மழை. காலையில் அவன் விமானத்தை முழுசாகப் பூட்டி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தான். தெருவிலிருந்து தெரிந்தது. ராத்திரி ஈரத்தில் என் இறக்கை நுனி திரும்பவும் தொங்குகிறது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

நாளைக்குத்தான் பறக்கவிட முடியும். திங்கள் பெட்டி கட்டுகிறான், செவ்வாய் கிளம்புகிறான்.

அண்ணி பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணி, அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் றெக்கை..."

"நாளைக்கு எனக்கு டியூட்டி."

"இப்பவே சொல்லிடுங்களேன்."

"மாட்டேன்." நூலைப் பல்லால் கடித்தார். "ஊருக்கே எஸ்.டி.டி. வந்துடுச்சு. ஆபரேட்டர் வேணாம், நேரா டயல் பண்ணலாம். நீங்களும் பண்ணுங்க."

சொல்லாவிட்டால்: விழும். தன் கையால் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவான். அல்லது எம்.ஏ. ஒட்டின றெக்கை என்பான், இந்தத் தடவை அது உண்மையாக இருக்கும்.

சொன்னால்: முதலில் பேசியது நான். ஏப்ரல் வாலையும் ஒத்துக்கொண்ட மாதிரி.

அந்த வால் நேராகத்தான் இருந்தது. எனக்கு நினைவிருக்கிற அளவில் நேர்.

அக். 4, ஞாயிறு

மேகம் இல்லை. மேல்காற்று, லேசாக. நாலு மணிக்குக் கிளம்பினோம். அவன் முன்னால், உடலும் ரேடியோவும். நான் பின்னால், இரண்டு இறக்கைகள். தெருவில் யாரோ "அண்ணன் தம்பி ஜோடியா எங்க?" என்றார்கள். இருவரும் நடையை எட்டிப் போட்டோம்.

ஏரிக்குள் பாதி நிலம் காய்ந்திருந்தது. கரையோரம் லாரி கழுவிக்கொண்டிருந்தவர்: "இன்னா சார், போன தபா வுழுந்துச்சே, அதே பார்ட்டியா? இதுவாவது மேல போவுமா?"

மாட்டினோம். ரப்பர் பாண்டை அவன் ஒரு பக்கம் இழுத்தான், நான் மறுபக்கம். விரல்கள் இடிக்கவில்லை. விசிறியை மூன்றாவது தடவை சுண்டியதில் எஞ்சின் பிடித்தது. விளக்கெண்ணெய்ப் புகை.

தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். முழங்கை வரை அதிர்கிறது. இருபதடி தள்ளி அவன், ரேடியோவோடு. ஏரியல் முழுசாக நீட்டியிருந்தது. நான் தலையசைக்க வேண்டும். பிறகு ஓடி எறிய வேண்டும்.

அவன் பார்த்தான். நான் அசைக்கவில்லை.

கையை விரித்தான். என்ன?

"அண்ணா" என்றேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

கத்த வேண்டியிருந்தது. ஏரி முழுக்கக் கேட்கும்படி. "அண்ணா! வலது றெக்கை முறுக்கிக்கிச்சு! என்னோடது! இடது பக்கம் இழுக்கும்!"

லாரிக்காரர் கழுவுவதை நிறுத்தினார்.

அவன் இறக்கையைப் பார்த்தான். அப்புறம்:

"எவ்ளோ?"

"மூணு மில்லி!"

குனிந்து ரேடியோவில் எதையோ நகர்த்தினான். வால் வலது பக்கம் ஒரு மயிரிழை திரும்பியது. இன்னும் ஒரு இழை.

"சரி, விடு."

ஓடினேன். விட்டேன். கை திடீரென்று காலி.

இடது பக்கம் சரிந்தது. புல்லுக்கு ஒரு ஆள் உயரம். சரிந்தபடியே போனது. அவன் இழுக்கவில்லை. வேகம் வரட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தான், நான் பார்க்க முடியாத அளவுக்கு. பிறகு நிமிர்ந்தது. ஏறியது. மஞ்சள் காகிதத்துக்குள் ரிப்புகள் தெரிந்தன. ஒன்றில் என் கறை இருக்கிறது, இங்கிருந்து தெரியாது.

பனைக்கு மேல் திரும்பி மேற்கே போனது. அங்கே சூரியன்.

"எங்கடா?"

"பனைக்கு மேல. வெயிலுக்குக் கீழ."

"தெரியல. எங்கடா!"

பக்கத்தில் ஓடினேன். தோளைப் பிடித்துத் திருப்பினேன். "எனக்குத் தெரியுது. வலது குடு. இன்னும். போதும். வருது, நம்மள பாத்து வருது."

"உயரம்?"

"இருக்கு. விடு, அதுவே வரும்."

"ஆ, இப்ப தெரியுது."

எஞ்சின் நின்றது. எண்ணெய் தீர்ந்திருக்கும். சத்தமில்லாமல் வந்தது. தலைக்கு மேல் போகும்போது காகிதத்தில் காற்று உரசுவது கேட்டது. கோரைப்புல்லில் இறங்கி, ஒரு அடி சறுக்கி, நின்றது.

லாரிக்காரர்: "டாப்பு சார்! இன்னொரு தபா வுடு!"

இன்னொரு தடவைக்கு வெளிச்சம் இல்லை. இருட்டும்போது வீடு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சேறு காயறதுக்குள்ள தொடச்சிடு" என்றான். துடைத்தேன்.

அக். 6, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. டாக்சியில் அம்மா, அப்பா, அண்ணி, பெட்டிகள். எனக்கு இடமில்லை. மீனம்பாக்கம் வரை வராவிட்டால் என்ன என்றேன்.

அண்ணன் முன்சீட்டில். புதுச் சட்டை. கண்ணாடியை இறக்கி, மழையில் தலையை நீட்டினான்.

"அடுத்த தடவ வால நீ ஒட்டாத."

வண்டி நகர்ந்துவிட்டது. தெருவில் இறங்கி ஓடிக் கத்தினேன்: "நீ அவசரப்பட்டு இழுக்காத!"

ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரல்கள் சேர்த்து, உள்ளங்கை கீழே. இடது பக்கம் சாய்ந்தது. மெல்ல நிமிர்ந்தது.