ஐஸ்கிரீம் குச்சி

செவ்வாய்க்கிழமை இரவு. மழை விடவில்லை.

துவைக்க எடுத்த என் வீட்டுக்காரர் சட்டைப் பையில், மகள் தின்றுபோட்ட ஐஸ்கிரீம் குச்சி நுனி சீவப்பட்டு இருந்தது. எதற்கு என்று கேட்டேன். இவர் வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரியில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கொழுந்து உருட்டும் ரோலரைக் கழுவும்போது, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அது சுற்றும். விரலை எடுத்தால் நின்றுவிடும். அந்தப் பொத்தான் இடுக்கில் குச்சியைச் செருகிவிட்டு, இவர் இரண்டு கையாலும் தேய்க்கிறாராம்.

“கை உள்ள போயிட்டா யாருங்க நிப்பாட்டுவா?”

“எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. படிச்ச புள்ள, நீயே சொல்லு. பட்டன அமுக்குறதுக்குன்னு இன்னொரு ஆளு தருவாங்களா?”

தரமாட்டார்கள். முன்பு இரண்டு பேர் பார்த்த வேலை அது. குச்சி இருப்பது தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும். கை போன அன்றைக்குத்தான் அதைப் பார்த்ததுபோல, உன் தப்பு என்பார்கள்.

குச்சியை அடுப்பில் போட்டேன். அவர் சிரித்தார்.

“நாளைக்குப் பாப்பா இன்னொன்னு தின்னும்.”

இனி ஐஸ்கிரீம் கிடையாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டுக் கேட்டு அழுதே தூங்கிவிட்டாள். பாவம், அவளை அழவைத்து என்ன ஆகப்போகிறது. எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி மலை முழுக்கத் தேயிலைச் செடி. குச்சிக்கா பஞ்சம்.