கிருணாவில் மைனஸ் இருபது, சந்தாபுராவில் பதினாறு

நவம்பர் 11, திங்கள்

ஏழாம் வகுப்புக்கு இன்று தொலைவில் உள்ள இரண்டு ஊர்களை ஒப்பிடும் பாடம். அமைவிடம், காலநிலை, மக்கள்தொகை. புத்தகத்தில் கொடுத்திருந்த ஊர்களைப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. போர்டில் நடுவே ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் பெங்களூரு, அந்தப் பக்கம் கிருணா என்று எழுதினேன். கிருணா ஸ்வீடனின் வடகோடியில் இருக்கிறது, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே. இங்கே ஒரு கோடிக்கும் மேல் ஜனம். அங்கே ஊர் மொத்தமும் இருபதாயிரம் தேறினால் அதிகம். சாயங்காலம் நம் சந்தாபுரா சிக்னலில் நிற்கிற கூட்டத்தை அங்கே கொண்டுபோய் இறக்கினால் ஊர் நிறைந்துவிடும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த ஊரில்தான் என் புருஷன் இரண்டு வருஷமாக இருக்கிறார் என்று சொல்லவில்லை. நேற்று அவர் போனில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும்.

நவம்பர் 13, புதன்

கேட்டது இதுதான். கம்பெனி அவரை நிரந்தரமாக்குகிறதாம். நானும் மகள் சிந்துவும் கிளம்பி வந்துவிட வேண்டும்.

குணசேகர் பொம்மசந்திராவில் சுரங்க மெஷின்களுக்கு ஃபிட்டராக இருந்தவர். கிருணாவின் இரும்புச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். இரண்டு வருஷம், அப்புறம் வந்துவிடுவேன் என்றுதான் போனார்.

நைனாவை, என் அப்பாவை, என்ன செய்வது? அதை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வெகு நாகரிகமாகக் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தோம்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் பதினாறு டிகிரி. நைனா ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஆதிகேசவன். கோலார் தங்க வயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும் என்பார், இடுப்புத் துணியோடு நிற்பார்களாம். அந்த மனுஷனுக்கு இப்போது பதினாறு டிகிரி தாங்கவில்லை. நெஞ்செல்லாம் கல்தூசி. அம்மா போனபிறகு என்னோடுதான் இருக்கிறார்.

அவரைக் கிருணாவுக்குக் கூட்டிப்போக முடியாது. டாக்டரைக் கேட்டேன். கேட்டதற்கே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நவம்பர் 24, ஞாயிறு

போனில் சண்டை.

நான் சுரங்க ஊரில் பிறந்தவள். சுரங்கத்தை மூடினபோது எனக்குப் பதினோரு வயது. அப்புறம் நைனா விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வந்து ஏதோ ஒரு கட்டடத்தின் கேட்டில் வாட்ச்மேனாக நின்றார். இனி ஜன்மத்துக்கும் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊரில் குடியிருக்க மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே குணசேகரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டினவர்தான்.

இங்கே அப்படி இல்லை என்கிறார் இப்போது. கிருணாவில் சுரங்கம் அடியில் வளர்கிறதாம், மேலே நிலம் விரிகிறதாம், அதனால் ஊரையே தள்ளிக் கட்டி ஜனங்களைக் குடிவைக்கிறார்களாம். பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிறெரிந்தது. எங்களுக்கு யார் என்ன செய்தார்கள்? ஊர் அப்படியே நின்றது, மனிதர்களைத்தான் ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 11, புதன்

கிருணா மைனஸ் இருபது. இன்றிலிருந்து சூரியன் அங்கே தலைகாட்டாதாம், புத்தாண்டு வரைக்கும். எப்படி இருக்கிறது என்றேன். பழகிவிட்டது என்றார். அந்தக் குரல் பழகின குரல் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம்.

காலை பத்தரைக்கு வீடியோ கால். அவர் ரூமில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் தொம்மென்று ஒரு சத்தம். அலமாரிப் பாத்திரங்கள் கடகடத்தன. அவர் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பூமிக்குள் பாறை வெடிக்கிற சத்தம். எங்கள் ஊரில் அது வந்தால் பெண்கள் அடுப்பைக்கூட அணைக்காமல் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். சாஃப்ட் என்போம் அந்த வாசலை. யார் வீட்டு ஆள் மேலே வருகிறான், யார் வரவில்லை என்று அங்கே நின்று பார்க்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடியிருக்கிறேன்.

இன்றும் ஓடினேன். செருப்பில்லாமல் மாடிப்படி இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவில். சந்தாபுராவில் எந்த சாஃப்ட் இருக்கிறது? போய் நின்றது டென்சிலின் கோழிக்கடை வாசலில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. டென்சிலும் எங்கள் ஊர்க்காரர்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"எந்த சாஃப்ட்டு, சிஸ்டர்?" என்றார் மெதுவாக.

அப்போதுதான் கையிலிருந்த போனிலிருந்து குணசேகரின் குரல் கேட்டது. "யாமினி, நான் இங்கதாம்மா கீறேன். ரூம்லதான் கீறேன். ஒண்ணும் ஆவல. எத்தினி வாட்டி கூப்புடுறது?" என்று அழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். நான் அவரைக் கையில் பிடித்துக்கொண்டே அவரைத் தேடி ஓடியிருக்கிறேன்.

திரும்பி வந்தால், கேட்டைப் பிடித்தபடி நைனா மூச்சிரைக்க நிற்கிறார். நான் ஓடின ஓட்டத்தை ஜன்னலில் பார்த்திருக்கிறார். யாரும் எதுவும் சொல்லாமலே கேட்டார்: "எத்தினி பேரு?"

யாருமில்லை நைனா, யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

அங்கே நிலம் அடிக்கடி ஆடுமாம். இரண்டு வருஷமாக என்னிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஐந்து நாளாக ஒரே யோசனை. ஊர் எவ்வளவு குளிர், எவ்வளவு ஜனம், எவ்வளவு தூரம் என்று இதுவரை கேட்டதெல்லாம் வெட்டிக் கேள்வி. என் கேள்வி ஒன்றுதான் - அடுத்த முறை ஆடும்போது நான் எங்கே போய் நிற்பேன்? அம்மாவுக்கு நிற்க ஓர் இடம் இருந்தது. அழவோ, ஆள் வந்ததும் திட்டவோ ஒரு வாசல் இருந்தது. எனக்குக் கோழிக்கடை.

போகத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

இல்லை, நைனாவின் இருமலிலிருந்து தப்பிக்கத்தான் இப்படியெல்லாம் காரணம் தேடுகிறேனா? ராத்திரியெல்லாம் முழித்து முழித்து அலுத்துப்போனது உண்மைதானே? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

டிசம்பர் 25, புதன்

நைனாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"போறதுன்னா போ. என்னக் கேட்டுக்கினு நிக்காத" என்றார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. நானும்தான். சிந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தானே தட்டு வைத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்கு மர்பி டவுனில் மதி அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் ஒரே வார்த்தையில் சரி என்றான். நைனா இங்கேயே இருக்கட்டும், நீ கவலையில்லாமல் போ என்று செண்பகம் அண்ணியும் சொன்னாள். வீடோ ஒரு ஹாலும் ஒரு ரூமும். ஹாலில் டிவிக்குக் கீழே நைனாவுக்குக் கட்டில் போடுவார்களாம். டிவி சத்தமே அவருக்கு ஆகாது.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் நான் யாரைத் திட்டுவது?

பிப்ரவரி 9, ஞாயிறு

விசாவுக்குக் கொடுத்தாயிற்று. ஸ்கூலில் சொல்லிவிட்டேன். நைனா என்னோடு பேசுவதில்லை. சிந்து மூலம் வெந்நீர் கேட்கிறார்.

மார்ச் 30, ஞாயிறு

நைனாவை மர்பி டவுனில் விட்டு வந்தேன். ஆக்சிஜன் மெஷின், மாத்திரை டப்பா, புத்தர் படம். எந்த மாத்திரை எப்போது என்று அண்ணிக்குக் காட்டினேன். கிளம்பும்போது காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட் அம்மா கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

இருமல் சத்தம் இல்லை. தூக்கமும் இல்லை.

மே 29, வியாழன்

கிருணா. வந்து சேர்ந்தோம். இங்கே இப்போது சூரியன் மறைவதேயில்லை. ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டிவிட்டுத் தூங்குகிறோம். தெருவில் ஆளே இல்லை. முதல் நாள் யாரோ செத்துப்போய்க் கடையெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

தூக்கத்தில் வெடி கேட்டது. தினமும் இந்த நேரத்துக்கு வைப்பார்களாம். எழுந்து உட்கார்ந்தேன். குணசேகர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டையைக் கேட்டபடியே படுத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

இங்கே ஒன்பது டிகிரி. பெங்களூரில் மழையாம். மழை என்றால் நைனாவுக்கு இழுப்பு வரும். இப்போதெல்லாம் போன் அடித்தால் என் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது. பயம் என்னை விட்டுப் போகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது.

நாங்கள் வந்ததிலிருந்து நைனா போனுக்கு வரவேயில்லை. தூங்குகிறார், குளிக்கிறார் என்று அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். இன்று அவரே வாங்கினார். குளிரைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். சிந்துவைக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்த மைன்ஸ மூடிட மாட்டாங்களே, பாப்பா?" என்றார்.

"மாட்டாங்க நைனா."

எனக்கென்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். போனை அணைக்க அவருக்குத் தெரியாது. அப்படியே கட்டிலில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் டிவி, அண்ணியின் குரல், சந்தில் ஒரு ஆட்டோ, ஓட்டின் மேல் மழை. சிந்து வந்து யாரும்மா லைனில் என்று கேட்டாள். உஷ் என்று கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் யாராவது வந்து அணைக்கிறவரைக்கும் காதிலிருந்து எடுக்கவில்லை.