பொய்த் தேனீக்கு இரண்டு றெக்கை

இன்று காலை, தொழுவத்தின் ஓரத்துத் தும்பைப் பூவுக்கு முன்னால் அது வந்து நின்றது. பூவில் உட்காரவில்லை. காற்றிலேயே அசையாமல் நின்று, மூக்கை மட்டும் உள்ளே விட்டது. உடம்பெல்லாம் பழுப்பு மயிர். ஜன்னலில் நின்ற நம் மகள் படாரென்று ஜன்னல் கதவைச் சாத்தினாள். பால் கறந்த கையோடு நின்றபடி உங்களைத்தான் திட்டினேன். இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க வேண்டியவர் நீங்கள் அல்லவா?

பள்ளிக்கூடம் திறந்தும் அவள் வாசற்படி தாண்டவில்லை. உங்கள் அக்கா வந்து, "கோவிந்தாபுரத்துப் பக்கம் ஒருத்தரு மந்திரிக்கறாருங்கறாங்க. கூட்டிட்டுப் போலாம் கண்ணு" என்கிறார். படி இறங்காத பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது?

கல்யாணமான புதிதில் வரப்பில் இப்படி ஒன்று வந்தது. நான் துண்டை வீசினேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அடிக்காத புள்ள. இது ஈ. தேனீ வேசங் கட்டிட்டு வந்திருக்குது." பொய்த் தேனீ என்று பெயரும் வைத்திருந்தீர்கள். வேகாத வெயிலில் குந்தவைத்துக் காட்டினீர்கள். தேனீக்கு றெக்கை நாலு, ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டாகத் தெரியும், இதற்கு இரண்டேதான். உணர்கொம்பு குட்டை. தலை முழுக்கக் கண். கால்கள் நூல் மாதிரி. உட்கார்ந்தால் தேனீ றெக்கையை முதுகில் மடக்கும், இது இருபுறமும் விரித்தே வைக்கும். "அந்த நீட்டு மூக்கு கொட்டற ஊசியில்ல, தேன் குடிக்கற குழல். அதை மடக்கக்கூட அதுக்குத் தெரியாது, பாவம்."

"வெள்ளாமையப் பாக்கறீங்களா, ஈயப் பாக்கறீங்களா?" என்று கேட்டேன். சிரித்தீர்கள்.

விடுமுறையில் கோயில் வெடி வழிபாட்டுச் சத்தத்தில் ஆலமரத்து மலைத்தேனீக்கூடு கலைந்தபோது வந்தவை பொய்த் தேனீக்கள் அல்ல. ஊரே ஓடியது. நீங்கள் மகளைக் கீழே தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டீர்கள். அவளுக்குக் காதோரம் ஒரே ஒரு கொட்டு. உங்களைத் தூக்கியபோது முகமே தெரியவில்லை, மூச்சும் இல்லை.

அதனால்தான் இன்று எப்படியாவது அவள் பயத்தைத் தெளிவிக்கலாம் என்று, தும்பையில் நின்றதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். அட்டையால் மூடி, அவள் சாத்தி வைத்திருந்த வாசற்கதவோரம் உட்கார்ந்து, நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். "பாரு சாமி, ரெண்டு றெக்கை. மூக்கப் பாரு. இது கொட்டாது."

கதவு லேசாகத் திறந்தது. டம்ளரை அவள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. அப்பா சொல்லியிருக்குது."

"அப்பறம் எதுக்குடா கண்ணு பயப்படறே?"

கதவிடுக்கில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் வெளிய வந்து, நெசத் தேனீ வந்துச்சுன்னா, நீயும் வந்து என்னைய மூடிக்குவீல்ல?"

ஐயோ, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பூச்சிக்குப் பயப்படுகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்தேனே. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படி இறங்கிவிடுவாள் போல இருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. உங்களுக்கு அன்று யோசிக்க நேரமிருந்திருக்காது. எனக்கு இருந்தது, யோசித்தும் பார்த்தேன். நானும் கவிழ்ந்துதான் விழுவேன்.

அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள்.