ஒகாஎரிக்குத் தமிழ்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி பரவாயில்லையா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சத்தியமாக!

கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிவிட்டு வந்து, ஜப்பானிய காமிக்ஸைத் தமிழாக்குகிறேன். யூடியூப் பார்த்து நானே கற்ற ஜப்பானியம்தான். கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். நெடுநாள் கழித்து வீடு திரும்பும் மகளிடம் அம்மா சொல்வது ஒரே வார்த்தை: "ஒகாஎரி." வெளியே போய்த் திரும்பியவரிடம் வீட்டிலிருப்பவர் சொல்வது அது.

"நல்வரவு" என்று போட்டேன். என்னோடு சேர்ந்து மொழிபெயர்க்கும் ஆன்லைன் குழுவில் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். "ஏய், அது வீடா, கல்யாண மண்டபமா? பன்னீர் தெளிப்பாங்களா?"

நேற்று அறைக்கதவைத் திறந்ததும், பழக்கதோஷத்தில் "வந்துட்டேன்" என்றேன். உள்ளே யாருமில்லை. உடனே உன் பதில் ஞாபகம் வந்தது: "வந்துட்டியாடி?" அம்மா, அதேதான்! குழுவில் போட்டதும் எடிட்டர், "பாவி, அழ வெச்சுட்டியேடி" என்றாள்.

போனில் கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். அதை உன் குரலில் பதிவு செய்து அனுப்பு, சரிபார்க்க வேண்டும். தினமும் ஆறேகாலுக்கு அனுப்பினால் நல்லது. நான் அறைக்கு வரும் நேரம். பக்கத்தை நாளையே வெளியிட்டுவிடுவோம். ஆனாலும் நீ நிறுத்திவிடாதே.

இடைவேளை முடிந்தது, ஓடுகிறேன்.

உன் மகள்